கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கோலாலம்பூருக்கு, இரண்டே நாளில்

அக்காவின் பிரசவத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து மாமா கூப்பிட்டார். குழந்தை முந்திக்கொண்டு பிறந்துவிட்டது, தாயும் பிள்ளையும் நலம், ஆனால் அக்கா அம்மாவைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார். போனை வைப்பதற்குள் அம்மா பரணிலிருந்த பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டாள்.

விசா பிரச்சினை இல்லை. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் மலேசியாவுக்கு விசா இல்லாமல் போய் 30 நாள் வரை இருக்கலாம். பாஸ்போர்ட்டும் இருந்தது. டிக்கெட்தான் பாக்கி.

கடலூர்க்காரர்களுக்கு விமானம் என்றாலே மீனம்பாக்கம்தான். நானும் யோசிக்காமல் சென்னையைப் போட்டுத் தேடினேன். வியாழன் இரவுக்கு இரண்டு பேருக்கு 44,000 ரூபாய், அதுவும் போவதற்கு மட்டும். பிரவுசரில் தேடியது பதிவாகாத இன்காக்னிட்டோ பக்கத்தில் தேடினால் விலை குறையும் என்று சொல்வார்களே, அதையும் செய்து பார்த்தேன். அதே 44,000.

புதுச்சேரியில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பன் ஞாபகத்துக்கு வந்தான். இரவு பதினொன்றரைக்கு எழுப்பினேன். அவன் முதலில் கேட்டது, “ரெண்டு பேருக்கும் சேர்த்தா தேடின?”

அவன் விளக்கியதை இங்கே எழுதிவைக்க வேண்டும். ஒரே விமானத்தின் சாதாரண இருக்கைகளையே நிறுவனங்கள் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மலிவான அடுக்கு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த அடுக்கு திறக்கும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு வேறு விலை கொடுத்திருப்பது இதனால்தான். கீழ் அடுக்கில் ஒரே ஒரு சீட் மிச்சமிருக்கும்போது நாம் இரண்டு கேட்டால், பெரும்பாலும் இரண்டையுமே மேல் அடுக்கு விலைக்குத்தான் காட்டும். ஒன்றுக்குத் தேடினால் அந்த மலிவான சீட் கண்ணில் படும். கடைசி நேரத்தில் இப்படி ஒற்றை சீட் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்றான்.

அப்புறம் இன்னொன்று கேட்டான். “திருச்சியைப் பார்த்தியா?”

பார்க்கவில்லை. ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏர் ஏசியாவும் பாத்திக் ஏரும் நேராகப் பறக்கின்றன. கடலூரிலிருந்து பார்த்தால் சென்னையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். தேடினேன். ஒரு ஆளுக்கு 9,800 ரூபாய். இரண்டு பேருக்கு என்று மாற்றியதும் ஆளுக்கு 12,300. அம்மாவுக்கு முதலில் ஒரு டிக்கெட், எனக்குத் தனியாக இன்னொன்று என்று எடுத்தேன். மொத்தம் 22,100. தனித்தனியாக எடுத்தால் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைக்கும் என்று நம்ப முடியாது. வயதானவர்களோடு போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையிலிருந்து சின்ன விமானத்தில் பெங்களூரு போய், அங்கிருந்து வேறு நிறுவனத்தில் மாறலாமா என்றும் பார்த்தேன். விலை பரவாயில்லை. ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அம்மாவை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

விலையைத் தேடுவதற்குத்தான் பல நிறுவனங்களை ஒப்பிடும் தளங்கள். பணம் கட்டும் இடத்தில் ஒரு தளம் சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு 700 ரூபாய் சேர்த்தது. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய் எடுத்தேன். மலிவு டிக்கெட்டில் கைப்பை 7 கிலோ மட்டும்தான். பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, அக்காவின் பழைய நூல் புடவைகள் எல்லாம் 7 கிலோவில் அடங்குமா? 20 கிலோவுக்கு அப்போதே பணம் கட்டிவிட்டேன், கவுன்டரில் கட்டினால் கூடுதல்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. தளமோ பெயர், சர்நேம் இரண்டையும் கேட்டது. அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லியிருந்தார்கள், போட்டேன். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். அவசரத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

திரும்பும் டிக்கெட்டை மூன்று வாரம் தள்ளி, சென்னைக்கு எடுத்தேன். ஆளுக்கு 6,900. போவதும் வருவதும் ஒரே ஊராக இருக்க வேண்டியதில்லையே. மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம்.

வியாழன் மதியம் கடலூர் பேருந்து நிலையத்தில் ஏறினோம். வடலூர் வந்ததும் அம்மா சத்திய ஞான சபை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். நெய்வேலி, விருத்தாசலம், பெரம்பலூர். சமயபுரம் வந்தபோது இருட்டிவிட்டது. டிவிஎஸ் டோல்கேட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். 2024இல் திறந்த புதிய முனையம் விசாலமாக, சுவரெல்லாம் ஓவியமாக இருந்தது. வரிசையில் முன்னும் பின்னும் தமிழ்தான் கேட்டது. அம்மாவின் பயம் அங்கேயே பாதி போய்விட்டது.

மிச்சமான பணத்தில், பஸ் ஏறுவதற்கு முன் அம்மா ஒரு வேலை செய்திருந்தாள். கோலாலம்பூரில் அக்கா குழந்தையை மடியில் கொடுத்ததும், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளி அரைஞாணை எடுத்துக் கட்டிவிட்டாள்.