பிளான்சர்ட் பரிசுக்கு ஆய்வேட்டை அனுப்பிய கதை: டிசம்பரில் பட்ட பாடு

இதழியல் வரலாற்றில் பிஎச்.டி. முடித்து, அமெரிக்காவின் பிளான்சர்ட் பரிசுக்கு ஆய்வேட்டை அனுப்ப நினைக்கிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டிஃபென்ஸ், அதாவது ஆய்வுக்குழுவின் முன் நடக்கும் வாய்மொழித் தேர்வு, முடிந்த தேதி அங்கே செல்லாது. குழு கேட்ட திருத்தங்களை எல்லாம் செய்து, இறுதி வடிவம் பல்கலைக்கழகத்தில் பதிவான தேதிதான் கணக்கு. அது விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் ஜனவரி 1-க்கும் டிசம்பர் 31-க்கும் இடையில் வர வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பிப்ரவரி 1 என்று போட்டிருப்பதைப் பார்த்து, நேரம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். நம் கையில் இருப்பது டிசம்பர் வரைதான். அதிலும் கடைசி வாரத்தைக் கழித்துவிடுங்கள், கிறிஸ்துமஸுக்கு முன்பே பல்கலைக்கழக அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள்.

இந்தப் பரிசைத் தருவது 1981-ல் தொடங்கிய அமெரிக்க இதழியல் வரலாற்றாளர் சங்கம். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மார்கரெட் பிளான்சர்டின் பெயரில் 1997 முதல் வழங்கிவருகிறார்கள். 500 டாலர், சிறப்புக் குறிப்புக்கு 200 டாலர். பணத்துக்காக யாரும் இதற்குப் போவதில்லை. இந்தத் துறை மிகச் சிறியது. அதில் ஒரு ஆய்வேட்டை நடுவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

என் ஆய்வு ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரன் பற்றியது. 1882-ல் வார இதழாகத் தொடங்கி 1899-ல் நாளிதழான பத்திரிகை. அந்தக் காலத்தில் சென்னை அரசாங்கம் தமிழ்ப் பத்திரிகைகளில் வருவதை வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கி அதிகாரிகளுக்குச் சுற்றுக்கு விட்டது. அந்த ரகசிய அறிக்கைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த அறிக்கைகளையே மூலமாக வைத்துப் பலரும் வரலாறு எழுதிவிடுகிறார்கள். நான் செய்தது, கிடைத்த தமிழ் மூலத்தையும் அரசு மொழிபெயர்ப்பாளர் தந்த சுருக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. எங்கே கோபம் கூட்டப்பட்டது, எங்கே வாதம் விழுங்கப்பட்டது என்று காட்டுவதுதான் ஆய்வே. அதனால் ஆய்வேட்டில் தமிழ் எழுத்து நிறைய இருக்கும்.

அங்கேதான் சிக்கல் வந்தது. டிஃபென்ஸ் நல்லபடியாக முடிந்தது, திருத்தங்களும் பெரிதாக இல்லை. ஆனால் இறுதி வடிவத்தைச் சரிபார்க்கும் பட்டப்படிப்பு அலுவலகம் கோப்பைத் திருப்பி அனுப்பியது. ‘எழுத்துருக்கள் கோப்புக்குள் பதியவில்லை’ என்று ஒரே ஒரு வரி. எந்தப் பக்கம், எந்த எழுத்துரு என்று எதுவும் இல்லை. நேரில் போனேன். அவர்கள் திரையில் பார்த்தபோதுதான் புரிந்தது. ‘கொடுங்கோன்மை’ என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டங்கள். சில பக்கங்களில் வெறும் கட்டங்கள். என் கணினியில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது.

அங்கிருந்த அலுவலர் சொன்ன வழி: “இந்தக் குறியீடுகளை எடுத்துவிட்டு ஆங்கில எழுத்தில் போட்டுவிடுங்களேன்.” இது குறியீடு இல்லை, ஆய்வின் ஆதாரம் என்றேன். அப்படியானால் ஜனவரியில் மறுபடி அனுப்புங்கள், பட்டம் எப்படியும் வசந்த காலத்தில்தானே என்றார். அவருக்கு அது ஒரு மாதத் தாமதம். எனக்கு ஒரு வருடம். ஜனவரியில் பதிவானால் அடுத்த ஆண்டுப் போட்டிக்குத்தான் போக முடியும். பரிசு கிடைத்தால் இலையுதிர் காலத்தில் நடக்கும் சங்கத்தின் மாநாட்டுக்கு வந்து, ஆய்வைப் பற்றிப் பேசுகிறேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். மாணவர் விசாவில் இருக்கிறவர்களுக்குப் படிப்புக்குப் பிறகு அமெரிக்காவில் வேலை செய்ய, எங்கள் துறைப் படிப்புக்கு அரசு தருவது 12 மாத அனுமதிதான். ஒரு வருடம் தள்ளினால் அதற்குள் ஊர் திரும்பியிருப்பேன். அப்புறம் மாநாட்டுக்காக விசா நேர்காணல், விமான டிக்கெட் எல்லாம் சேர்ந்துகொள்ளும். இதை அவரிடம் சொன்னேன். “விதி எல்லோருக்கும் ஒன்றுதான்” என்று முடித்துவிட்டார். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதே அலுவலகத்தின் கையேட்டை வரி வரியாகப் படித்தேன். பிறமொழி மேற்கோள்களை மூல எழுத்திலேயே தரலாம் என்று தெளிவாகவே இருந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். எழுத்துருச் சிக்கலைத் தீர்த்துவைத்தவர் நூலகத்தில் ஆய்வேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். வேர்டில் ‘அச்சிடு’ வழியாகப் பிடிஎஃப் எடுக்காதீர்கள், ‘சேமி’ வழியாக எடுங்கள், விருப்பத் தேர்வுகளில் பிடிஎஃப்/ஏ (எழுத்துருக்களையும் உள்ளே பதித்துக்கொள்ளும் பிடிஎஃப் வகை) என்பதை டிக் செய்யுங்கள் என்றார். தமிழ்ப் பகுதிகள் முழுவதையும் நோட்டோ செரிஃப் தமிழுக்கு மாற்றினேன். அது யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய எழுத்துரு, கோப்பில் பதிக்கத் தடை ஏதும் இல்லை. பழைய குறிப்புகளிலிருந்து வெட்டி ஒட்டிய மேற்கோள்களில் வேறு எழுத்துருக்கள் ஒளிந்திருந்தன. பிடிஎஃபின் பண்புகளில் எழுத்துருப் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘பதிக்கப்பட்டது’ என்று வரும்வரை விடாதீர்கள். அனுப்புவதற்கு முன் வேறொருவர் கணினியிலும் திறந்து பாருங்கள்.

கையேட்டின் பக்கத்தையும் புதிய கோப்பையும் சேர்த்து அனுப்பினேன். விடுமுறைக்குப் பூட்டுவதற்கு முன் ஒப்புதல் வந்துவிட்டது. தமிழ் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை.

அடுத்தது விண்ணப்பக் கட்டு. முழு ஆய்வேடு, நெறியாளரோ துறைத்தலைவரோ எழுதிய பரிந்துரைக் கடிதம், நம் கடிதம், அப்புறம் பெயர் நீக்கிய ஒரு அத்தியாயம், ஆய்வுச் சுருக்கம், பொருளடக்கம். இதில் ‘பெயர் நீக்கிய’ என்பதுதான் ஆளைக் கொல்லும். நம் பெயர் மட்டும் போனால் போதாது. பல்கலைக்கழகம், ஆய்வுக்குழுவினர் எதுவுமே தெரியக் கூடாது. சுருக்கத்தின் தலைப்பிலேயே பல்கலைக்கழக வார்ப்புரு இவை மூன்றையும் அச்சடித்து வைத்திருக்கும். பக்கத் தலைப்பைப் பாருங்கள். அடிக்குறிப்பில் யாருக்காவது நன்றி சொல்லியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எனக்கு அகப்பட்ட மோசமான இடம் இணைய முகவரிகள். நூலகக் கணக்கு வழியாக எடுத்த கட்டுரைகளின் முகவரிக்குள்ளேயே பல்கலைக்கழகத்தின் பெயர் உட்கார்ந்திருக்கிறது. கோப்பின் பண்புகளில் ‘ஆசிரியர்’ என்ற இடத்தையும் காலியாக்குங்கள். அதற்குப் பிறகு எழுத்துருக்களை இன்னொரு முறை சரிபார்க்கத்தான் வேண்டும்.

எந்த அத்தியாயத்தை அனுப்புவது என்பதில் நெறியாளருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. 1908-ல் சுப்பிரமணிய ஐயர் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதான அத்தியாயத்தில் கதை இருக்கிறது, அதையே அனுப்பு என்றார் அவர். நான் மொழிபெயர்ப்புகளை ஒப்பிடும் அத்தியாயத்தை அனுப்பினேன். கைதைப் பற்றி யாரும் எழுதலாம். இரண்டு மொழியையும் படித்தால்தான் எழுத முடிகிற அத்தியாயம் அதுதான். தமிழ் தெரியாத நடுவருக்கும் புரியும்படி ஒவ்வொரு மேற்கோளின் கீழும் என் ஆங்கில மொழிபெயர்ப்பு, அதன் கீழ் அரசாங்கத்தின் சுருக்கம் என்ற வரிசை ஏற்கெனவே இருந்தது நல்லதாகப் போயிற்று.

பரிந்துரைக் கடிதத்துக்கு டிசம்பரிலேயே சொல்லி வையுங்கள். வேலைக்கு எழுதிய கடிதத்தையே தேதி மாற்றித் தரும் பழக்கம் பலருக்கு உண்டு. இந்த ஆய்வு வரலாற்றுத் துறைக்கு என்ன சேர்க்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். கடிதம் உருப்படியாக வந்தது.

கட்டு போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வந்துவிட்டது. முடிவு இன்னும் தெரியவில்லை. பாடம் நடத்துகிறவர்களுக்கு இதே சங்கம் தனியாகக் கற்பித்தல் விருது தருகிறது. ஆய்வேட்டிலிருந்து கட்டுரை வெளியிட்டவர்களுக்கு, சிராக்யூஸ் பேராசிரியராக இருந்த காதரின் கவர்ட் பெயரில் இன்னொரு அமைப்பின் வரலாற்றுப் பிரிவு தரும் விருது இருக்கிறது. அந்த ஒப்பீட்டு அத்தியாயத்தை இப்போது கட்டுரையாகச் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். அச்சானால் அதையும் கவர்ட் விருதுக்கு அனுப்புவேன், தமிழ் எழுத்தோடுதான்.