மனு வரிசை

ஜெயிலில் இருந்த அண்ணனுக்காக ஏழு மாசம் மனு பார்க்கப் போனேன். மனு கொடுத்துக் கைதியைப் பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஜெயில் வாசல் வரிசையில் முக்கால்வாசி பெண்கள்தான். கையில் பிஸ்கட், துவைத்து மடித்த லுங்கி, ஆதார் நகல். உள்ளே கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். "சாப்பிட்டியாண்ணா" என்று கத்திக் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

அற்புதம்மாள் இப்படி 31 வருஷம் அலைந்தார். 1991 ஜூனில், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பி 19 வயது பேரறிவாளனை ஒப்படைத்த தாய். 2011-இல் தூக்குக்குத் தேதியே குறித்தார்கள். 2022 மே 18-இல்தான் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அந்த அம்மாவை நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது.

சிறையே இல்லாத உலகம் வேண்டும் என்று நான் சொன்னால், "அப்ப தப்பு செஞ்சவனை என்ன பண்றது?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. அடிபட்டவர்களின் வலி எனக்கும் பெரிதுதான். ஆனால் நம் நாட்டுச் சிறைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் கிடப்பவர்களும் அதில் உண்டு.

அண்ணனைத் திருத்தியது அந்தச் சுவர் இல்லை. உள்ளேயிருந்து வந்தவன் தூக்கமில்லாமல் நடுங்குவான். அம்மா ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எதிர்வீட்டு மெக்கானிக் மாமா எதையும் விசாரிக்கவில்லை. "காலையில எட்டு மணிக்குப் பட்டறைக்கு வந்துடு தம்பி" என்று மட்டும் சொன்னார்.