டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 14 மாதம்

இன்றைக்கு ராத்திரி தோழி ஒருத்தி கூப்பிட்டாள். ஃப்ளூ காய்ச்சல் நுரையீரலில் இறங்கி அவளுடைய அண்ணன் ஒன்பது நாள் ஐசியுவில் கிடந்து ஒருவழியாக வீட்டுக்கு வந்துவிட்டார். சந்தோஷமாகத்தான் பேச ஆரம்பித்தாள், அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "வந்து அஞ்சு நாள் ஆச்சு, பாத்ரூம் போயிட்டு வந்தாலே கட்டில்ல சாஞ்சிருதாங்க. ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்குன்னுதான அனுப்புனாங்க, எப்ப பழையபடி ஆவாங்க?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 2021 ஜூனில் இதே கேள்வியை என் வீட்டுக்காரர் வார்டு வாசலில் நின்று கேட்டார். "ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்தா போதும்" என்றார்கள். எனக்கு 14 மாதம் ஆனது.

ஆஸ்பத்திரிக் கதையை நீட்ட விரும்பவில்லை. கோவிட் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மே மாதம், காய்ச்சலின் ஏழாவது நாள் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 84 காட்டியது, சிடி ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பு 25-க்கு 17. மொத்தம் 19 நாள், அதில் 11 நாள் பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன். ஸ்டீராய்டு போட்டதில் அதுவரை இல்லாத சர்க்கரை 280-க்கு ஏறி இன்சுலின் போட்டார்கள். நர்ஸுகள் வரும்போதெல்லாம் "குப்புறப் படுங்கம்மா, குப்புறப் படுங்க" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். முதுகுப் பக்கத்து நுரையீரல் அப்போதுதான் நன்றாக விரியும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. குப்புறப் படுத்தால் மாஸ்க் வாரில் என் தலைமுடி சிக்கிக்கொள்ளும். இழுத்துப் பிரிக்கக்கூட கையில் தெம்பு இருக்காது. பக்கத்துப் படுக்கை அக்கா, தானே ஆக்சிஜனில் இருந்தவர், ஒரு நாள் சாயங்காலம் குழாய் எட்டுகிற தூரம் வரைக்கும் நகர்ந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டே எனக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டார். முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நுனியில் கட்ட ரிப்பன் இல்லாமல் குளுக்கோஸ் பாட்டில் ஒட்டும் பிளாஸ்திரியைக் கிழித்துச் சுற்றினார். இரண்டு நாள் கழித்து நான் கண் விழித்தபோது அந்தப் படுக்கையில் வேறு விரிப்பு. மூன்றாவது மாதம் என் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தபோது, பெரிய காய்ச்சலுக்குப் பிறகு இது வழக்கம்தான், திரும்ப வளரும் என்று தோல் டாக்டர் சமாதானம் சொன்னார். நான் அழுதது முடி போனதற்காக இல்லை. அவர் பின்னிய முடி அது.

வீட்டுக்கு வந்தபோது ஒன்பது கிலோ குறைந்திருந்தேன். கட்டிலிலிருந்து பாத்ரூம் 12 அடி. போய்த் திரும்பினால் 95 இருந்த ஆக்சிஜன் அளவு 87-க்கு வந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து குளித்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள், "நல்லா சாப்பிடு, நல்லா நட, எல்லாம் சரியாகிடும்." அத்தை தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார். தெருக்கோடி ஆச்சி நாட்டுக்கோழி முட்டையாகக் கொண்டுவந்து அடுக்கினார். உருகிப்போன தசைக்கு அந்த முட்டை உண்மையிலேயே உதவியது. ஆனால் நடக்கச் சொன்னவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. எனக்கும் தெரியாது.

நுரையீரலில் காற்றும் ரத்தமும் சந்திப்பது கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றறைகளில். அவற்றின் சுவர் மயிரிழையைவிட மெல்லியது. வைரஸும், அதை எதிர்த்து உடம்பு மூட்டிவிடும் அழற்சியும் சேர்ந்து அந்தச் சுவரைத்தான் புண்ணாக்குகின்றன. புதுச் செல்கள் வளர்ந்து அதை மூட மாதக்கணக்காகும். சில இடங்களில் தழும்பு நின்றுவிடும். மூன்றாவது மாத ஸ்கேனில் எனக்குக் கோடு கோடாக வெள்ளை தெரிந்தது. பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். நுரையீரல் டாக்டர், "தழும்பு மாதிரி தெரியுறது எல்லாமே தழும்பு இல்லம்மா, ஒரு வருஷம் வரைக்கும் கரையலாம், பார்ப்போம்" என்றார். பெரும்பாலும் கரைந்தது. அப்புறம், படுக்கையில் கிடந்த நாட்களும் ஸ்டீராய்டும் தசையை உருக்கிவிடும், அது தொடைத் தசை மட்டும் இல்லை. மூச்சை இழுக்கும் உதரவிதானமும் தசைதானே.

அந்தத் தசைக்காகத்தான் மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எப்படி என்று விளக்க அன்றைக்கு அங்கே யாருக்கும் நேரம் இல்லை, அந்தக் கூட்டத்தில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் ஒரு வாரம் அதில் பலூன் ஊதுவதுபோல் ஊதிக்கொண்டிருந்தேன், பந்து அசையவே இல்லை. நுரையீரல் செத்துவிட்டது என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் தங்கைதான், "ஐயோ அக்கா, உறிஞ்சணும்" என்று குழாயை வாயில் வைத்து, மெதுவாக இழுத்துப் பந்தை மேலேயே நிறுத்திக் காட்டினார். அன்றைக்கு முதல் பந்து பாதிவரை எழும்பியது. உதட்டைக் குவித்து, சுடுசோற்றை ஊதுவதுபோல் மூச்சை நீளமாக விடவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். படிக்கட்டில் இன்றைக்கும் எனக்குக் கைகொடுப்பது அதுதான்.

செப்டம்பர் 1 பள்ளிக்கூடம் திறந்தார்கள். நான் பத்தாம் வகுப்பு எடுக்கிறவள். ஒரு அறைக்கு 20 பேர்தான் என்று விதி. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். மூச்சு விடுகிற நினைப்பே இல்லாமல் 42 பெயர் கூப்பிட்டவள், அன்றைக்கு ஐந்தாவது பெயரிலேயே நின்றுவிட்டேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முன் பெஞ்சுப் பெண் எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் பதிவேட்டைத் திருப்பி வைத்து, மீதிப் பெயர்களை அவளே படித்தாள். நான் உட்கார்ந்து டிக் மட்டும் போட்டேன். அந்த மாதம் முழுக்க அப்படித்தான்.

என்னைப் பின்னுக்குத் தள்ளியது இன்னொன்று. நன்றாக இருக்கிற நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட வேண்டும் என்ற வெறி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் ரூமை ஒதுங்கவைத்தேன், அன்றைக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் கழித்துக் களைப்பு வந்து அடித்தது, நான்கு நாள் எழுந்திருக்கவில்லை, பேச நினைத்த வார்த்தை கூட வாயில் வரவில்லை. இப்படி மூன்று தடவை ஆன பிறகுதான் புரிந்தது, களைத்த பிறகு நிறுத்துவதில் பயன் இல்லை, முடிகிறபோதே பாதியில் நிறுத்த வேண்டும். துணி மடிப்பதென்றால்கூடப் பாதி மடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் யாராவது சோம்பல் என்று நினைப்பார்களோ என்று கூசிய நாட்கள் உண்டு. அந்த அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் கோவிட்டுக்குப் பிந்தைய நிலைக்கு வரையறை வெளியிட்டது. நோய் தொடங்கி மூன்று மாதம் ஆன பிறகும் இருப்பது, குறைந்தது இரண்டு மாதம் நீடிப்பது, வேறு காரணத்தால் விளக்க முடியாதது என்று. செய்தியை வீட்டுக்காரர் சத்தமாகப் படித்துக் காட்டினார். எனக்கு இருப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே பெரிய தெம்பாக இருந்தது.

ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று உண்டு, வராந்தாவில் நடக்கவிட்டு தூரத்தை அளப்பார்கள். ஜூலையில் 270 மீட்டர், நவம்பரில் 410, அடுத்த ஜூனில் 480. காகிதத்தில் பார்க்கும்போது நேராக ஏறியதுபோல் இருக்கிறது, வாழ்ந்தபோது அப்படி இல்லை. ராத்திரிகளில் மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் ஆக்சிஜன் பாட்டிலில் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மாடி வகுப்புக்கு 22 படி. நடுவில் நிற்காமல் ஏறியது 2022 ஆகஸ்டில்.

தோழியிடம் நான் சொன்னது இவ்வளவுதான். மாதக் கணக்கு வைத்துக்கொள், வாரக் கணக்கு வேண்டாம். மூச்சுத் திணறல் திடீரென்று கூடினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரி, ரத்தக் கட்டியாக இருக்கலாம். மூன்று மாதத்தில் ஒரு தடவை நுரையீரல் டாக்டரிடம் காட்டு. ஆக்சிமீட்டரை அண்ணன் கையில் கொடுக்காதே, என் வீட்டுக்காரர் பிடுங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் நான் தூங்கினேன். உட்கார்ந்து குளிக்க நாற்காலி போடு. கண்ணெதிரே அழுதால் அழட்டும்.

போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அவருக்கும் அந்த மூன்று பந்துக் கருவியைக் கொடுத்திருப்பார்கள். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் கூப்பிட்டு, ஊதக் கூடாது, உறிஞ்சணும் என்று சொல்ல வேண்டும்.