நடுவில் தட்டையான டயர்

நேற்று பைக்கைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நடுவில் பலகை மாதிரி தட்டை. ஓரத்தில் மட்டும் பழைய உருண்டை அப்படியே இருக்கிறது. நேர்ச்சாலையில் அதிகம் ஓட்டினால் இப்படித்தான் தேயும். பட்டன், அதாவது டயர் மேலிருக்கும் ரப்பர் கட்டங்கள், இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனால் வளைவில் சாய்க்கும்போது வண்டி முதலில் அடம்பிடிக்கும், தட்டை முடியும் விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். கொண்டைஊசி வளைவில் அந்த ஒரு நொடி பயம் வேண்டவே வேண்டாம். மாற்றப்போகிறேன்.

ரேஸ் டிராக் டயர் போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். எனக்கு உடன்பாடில்லை. அது நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். சாலையில் அந்தச் சூடு நிற்காது, நிழல் விழுந்த ஈர வளைவில் இன்னும் மோசம். என் தேர்வு, நெடும்பயணத்துக்கும் வளைவுகளுக்கும் சேர்த்துச் செய்த ஸ்போர்ட் டூரிங் வகை: நடுவில் கெட்டி ரப்பர், ஓரங்களில் மென்மையான ரப்பர், கலவையில் சிலிகா என்ற நுண்பொடி. ஈரத்திலும் குளிரிலும் கைகொடுப்பது அந்தச் சிலிகாதான்.

அப்புறம், வாங்கும்போது பக்கச்சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. பார்க்க அழகு என்று ரிம்முக்கு மீறிய அகலம் போடாதீர்கள், டயரின் வளைவே மாறிப்போகும்.

புது டயருக்கு முதல் 150 கிலோமீட்டர் நிதானம், சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். காற்றைக் கிளம்பும் முன்பே, டயர் சூடேறாதபோது பாருங்கள். வெள்ளிக்கிழமை மாட்டுகிறேன்.