கூழ் ஊற்றிய நாளில் கத்திய வாத்து

பரண்மேல் 17 ஆண்டுகளாகக் கிடந்த என் ஹாம் ரேடியோவை, அதாவது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் ஊர்விட்டு ஊர் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக் கருவியை, மீண்டும் உயிர்ப்பிக்க ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது என் தவறுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் ஆடி ஞாயிறு என்றால் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள் என்பதும், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டுவார்கள் என்பதும் இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதவை அல்ல.

2004 சுனாமியின்போது, அந்தமானுக்கு அமெச்சூர் வானொலிக் குழுவுடன் சென்றிருந்த பாரதி பிரசாத், தொலைபேசிகள் செயலிழந்த போர்ட் பிளேரிலிருந்து தம் கருவியின் வழியாகவே செய்திகளைக் கடத்தினார் என்று படித்துவிட்டுத்தான் நான் தேர்வெழுதி உரிமம் வாங்கினேன். இரண்டு ஆண்டுகள் ஓயாமல் பேசினேன். பிறகு திருமணம் ஆயிற்று. உரிமத்தை மட்டும் காலாவதியாகாமல் காத்துவந்தேன். சைக்கிளை விற்றுவிட்டு அதன் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு திரிந்ததைப் போல.

பெட்டியைத் திறந்தபோது, பதிவேட்டின் ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. மைக்கின் பஞ்சு தொட்டவுடன் பிசினாகி விரலில் ஒட்டியது. காசிமேட்டிலிருந்து வரும் உப்புக்காற்று பெட்டிக்குள்ளும் புகுந்து, ஆன்டெனா கேபிளின் பித்தளை முனையில் பச்சை பூக்க வைத்திருந்தது. அதைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்தேன். "பூஜைச் சாமானைத் தேய்க்கச் சொன்னா மட்டும் உங்களுக்குக் கை வலிக்கும்" என்றார் என் மனைவி.

அடுத்தது ஆன்டெனா. 7.1 மெகாஹெர்ட்ஸில் பேசுவதற்கான அரை அலைநீளக் கம்பி ஏறக்குறைய 20 மீட்டர் இருக்க வேண்டும். எங்கள் மொட்டைமாடியோ 12 மீட்டரிலேயே முடிந்துவிடும். பக்கத்து வீட்டாரிடம் அனுமதி பெற்று, காற்றாடி விடும் பையன்களைக் கொண்டு கயிற்றை அந்த மாடிக்கு வீசச் செய்தேன். அவர்களுள் ஒருவன் கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"அண்ணா, இதுல மாஞ்சா போட்டிருக்கா?"

"இல்லடா, இது வெறும் செம்புக் கம்பி."

"அறுக்காதா?"

"அறுக்காது."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

அமெச்சூர் வானொலியைப் பற்றி இவ்வளவு நேரான கேள்வியை எந்தத் தேர்விலும் நான் எதிர்கொண்டதில்லை.

கருவியை இயக்கியதும் இரைச்சல் காதைப் பிளந்தது. நான் விட்டுப்போனபோது வீட்டில் குண்டு பல்பு எரிந்தது. இப்போதோ எல்இடி விளக்கும் கைப்பேசி சார்ஜரும் ஆளுக்கொரு இரைச்சலைக் கிளப்புகின்றன. வீடெங்கும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்ததில், மகனுடைய மலிவு விலைச் சார்ஜரே பெருங்குற்றவாளி என்று தெரிந்தது. அதைப் பிடுங்கியபின் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "சிக்யூ, சிக்யூ" என்று, கேட்பவர் யாராயினும் பதில் தரும்படி அழைத்தேன்.

மூன்றாம் அழைப்புக்கு மதுரையிலிருந்து பதில் வந்தது. பரவசத்தில் வானொலியில் என் பெயர்போல் விளங்கும் அழைப்புக்குறியின் எழுத்துகளை விளக்கிச் சொல்லும்போது, Y-க்கான 'யாங்கி' என்ற சொல் நினைவுக்கு வராமல் 'யானை' என்று சொல்லிவிட்டேன். "யானை தெளிவா கேக்குது சார்" என்றார் மதுரைக்காரர். அரை மணி நேரம் பேசியிருப்போம்.

மனைவி மாடியேறி வந்து என் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினார். "கோயில் ஸ்பீக்கர்ல வாத்து கத்துதுங்க. நீங்க வாய மூடினா அதுவும் மூடுது."

உண்மைதான். நீளமான ஒலிபெருக்கி வயர்கள் என் 50 வாட் அலையை ஆன்டெனாக்களைப் போல வாங்கிக்கொண்டன. அவற்றின் வழியே ஆம்ப்ளிஃபையருக்குள் போன அலை அங்கே ஒலியாக மாறிவிட்டது. நான் பேசியது, குரலைச் சுமக்கும் அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில். அதற்குரிய ரேடியோவில்தான் அது மனிதக் குரலாகக் கேட்கும். ஆம்ப்ளிஃபையரில் அகப்பட்டால் குவா குவாதான்.

கீழே போய்ப் பார்த்தேன். வாத்து கத்தும்போதெல்லாம் மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபையரின் தலையில் ஓங்கித் தட்டியிருக்கிறார். மதுரைக்காரர் பேசுவதைக் கேட்க நான் நிறுத்தும் தருணமும் அவருடைய அடியும் பல முறை ஒத்துப்போனதால், தெருவே அவர் கைராசியை மெச்சிக்கொண்டிருந்தது. வரிசையில் தூக்குச்சட்டியோடு நின்ற ஆயா ஒருவர் மட்டும், கூழுக்குத் தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை வைக்காததுதான் காரணம் என்று அடித்துச் சொன்னார்.

மைக்செட்காரரைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை, முகம்தான் வாடிவிட்டது. "அப்போ நான் தட்டுனதுல நிக்கலையா சார்?" என்று இருமுறை கேட்டார்.

அந்த வாரமே ரிச்சி தெருவில், வயர் வழியே வரும் ரேடியோ அலையைத் தடுக்கும் ஃபெரைட் வளையங்கள் வாங்கிவந்து, அவருடைய வயர்களை ஆம்ப்ளிஃபையரில் நுழையும் இடத்தில் அந்த வளையங்களின் மேல் சுற்றிக் கொடுத்தேன். என் பங்குக்கு 10 வாட்டுக்கு இறங்கினேன். அடுத்த ஞாயிறு பாட்டு போடுவதற்கு முன்பு, தெருவில் நின்றபடி அவர் மாடியைப் பார்த்து மைக்கிலேயே கேட்டார்: "வாத்து சார், நீங்க முடிச்சிட்டீங்களா? நான் ஆரம்பிக்கட்டுமா?"