பட்டையடி வண்டு: நிறத்தை விடுங்கள், பாதக் கணுவை எண்ணுங்கள்

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் செத்த மரத்தின் பட்டையைப் பெயர்த்தால் கறுத்த வண்டு ஏதாவது ஓடும். நிறத்தை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். கூட்டுப்புழு நிலையிலிருந்து புதிதாக வெளிவந்த வண்டு வெளிறித்தான் இருக்கும், கறுக்க நாளாகும்.

வண்டைப் பிடிக்கும் முன் பட்டையின் உட்புறத்தையும் புழு மென்று தள்ளிய கழிவையும் படம் எடுத்துவிடுங்கள். நார்நாராகச் சக்கை கிடந்தால் நீள்கொம்பு வண்டின் புழு. மாவுபோல் நைசான பொடி, குண்டூசித் துளை என்றால் சிறு துளைப்பான்கள். கழிவே இல்லையா? வண்டு சும்மா ஒதுங்க வந்ததாக இருக்கலாம்.

பிறகு 10 மடங்கு லென்ஸ். பாதத்தின் கணுக்களை நக நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முன்னங்கால், நடுக்காலில் 5, பின்னங்காலில் 4 என்றால் பெரும்பாலும் டெனிப்ரியோனிடே எனும் கருவண்டுக் குடும்பம். எல்லாவற்றிலும் 4 போலத் தெரிந்தால் அவசரப்படக் கூடாது: நீள்கொம்பு வண்டிலும், பட்டையைத் துளைத்து வாழும் பட்டை வண்டிலும் ஒரு குட்டிக் கணு மறைந்திருக்கும். இந்த இரண்டையும் உணர்கொம்பு பிரித்துவிடும். நீள்கொம்பு வண்டில் கண் வளைந்து கொம்பின் அடியைச் சுற்றிக்கொள்ளும். பட்டை வண்டில் கொம்பு குட்டை, முழங்கைபோல் மடங்கி நுனியில் உருண்டையாக முடியும். கால் ஒடிந்திருந்தால் மறுபக்கத்தில் எண்ணுங்கள். அழுக்கு ஒட்டிய கணுவைத் தூரிகையால் துடைக்காமல் எண்ணினால் கணக்கு தப்பும்.

ரப்பர் தோட்டத்தில் 5-5-4 கணக்கில், சுமார் 8 மி.மீ. நீளத்தில், மங்கிய கறுப்பில் ஒன்று கிடைத்தால் முதலில் முப்ளி வண்டைச் சந்தேகிக்கலாம். மலையாளத்தில் கோட்டெருமை, விஞ்ஞானப் பெயர் லுப்ரோப்ஸ் டிரிஸ்டிஸ். உதிர்ந்த ரப்பர் இலையைத் தின்று பெருகி, கோடை மழையோடு விளக்கு வெளிச்சம் தேடி வீட்டுக்குள் கூட்டமாக ஏறுவது இதுதான். மரத்தைத் துளைக்காது, மருந்தடிக்க வேண்டாம். ஆனால் வெறுங்கையால் நசுக்கினால் கசியும் நீர் தோலை எரித்துக் கொப்புளமாக்கும், இடுக்கியால் எடுங்கள்.

மாதிரியை 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். அதைவிடக் கடுமையானதில் உடம்பு விறைத்துக் கால் முறியும். புழுவை முதலில் கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப் போகும். மரத்தின் பெயர், உயிரோடா செத்ததா, தரையிலிருந்து உயரம், ஊர், தேதி ஆகியவற்றைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.