தொடர்வதா, சந்தூருக்கே திரும்புவதா?

ஜெர்மனியில் என் முதுநிலைப் படிப்பின் இரண்டாவது பருவம் பாதி போயிருந்தபோது, 2025 மே மாதவாக்கில், வகுப்புகளுக்குப் போவது மெல்ல நின்றுபோனது. முதலில் காலை எட்டு மணி வகுப்பு போனது. அப்புறம் மதிய வகுப்புகள். கொஞ்ச நாளில் மடிக்கணினியைத் திறந்து பாடக் கோப்புகளைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைந்தது. ஏன் வரவில்லை என்று என்னை யாரும் கேட்கவில்லை. இங்கே கேட்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர். அங்கே இருப்பவர்களுக்கு இதை விளங்கவைப்பதுதான் கஷ்டம். நான் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படித்தவள். 75 சதவீத வருகைப்பதிவு இருந்தாக வேண்டும், இடையிடையே உள்தேர்வு உண்டு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு நாள் போகாவிட்டால் வகுப்பு ஆசிரியர் வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார். அரியர் விழுந்தாலும் அடுத்த முறை எழுதித் தள்ளிவிடலாம். அந்தக் கெடுபிடியைத் திட்டிக்கொண்டே நான்கு வருடம் படித்தோம். படிப்பில் நம்மைப் பிடித்து நிறுத்தியிருந்ததில் பாதி அந்தக் கெடுபிடிதான் என்று இங்கே வந்துதான் புரிந்தது.

இங்கே முதுநிலையில் ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. அதாவது ஒரு பருவத்துக்கு 750 மணி நேரத்துக்கு மேல். அதில் வகுப்பறையில் உட்காருவது சிறு பகுதிதான், மீதியை நாமே நம்மை உட்காரவைத்துப் படிக்க வேண்டும். விரிவுரைகளுக்குப் பெரும்பாலும் வருகைப்பதிவு கிடையாது. பருவத்தின் கடைசியில் ஒரே தேர்வு, மொத்த மதிப்பெண்ணும் அதில்தான். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவது முறையும் போனால் அந்தப் படிப்பே முடிந்துவிடும், அதே படிப்பை நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. முதல் பருவத்தில் ஒரு தேர்வில் 5.0 வாங்கினேன். இங்கே 1.0 தான் மேல், 4.0 வரை தேர்ச்சி. ஊரில் நூற்றுக்கு எண்பது எடுத்த பெண்ணுக்கு அந்த 5.0 கொடுத்த அடி சாதாரணமானதில்லை.

படிப்பு மட்டுமே காரணம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்திருக்கிறது. நான் இருப்பது கிழக்கு ஜெர்மனியில் ஒரு சிறு நகரம். டிசம்பரில் நான்கு மணி சுமாருக்கு இருட்டிவிடும். கிருஷ்ணகிரியில் எந்த மாதமானாலும் ஆறு, ஆறரை மணிவாக்கில்தான் பொழுது சாயும், உடம்பு அதற்குப் பழகியது. அதைவிட ஞாயிற்றுக்கிழமைகள் மோசம். இங்கே ஞாயிறென்றால் கடைகள் சட்டப்படி மூடியிருக்கும், தெருவில் ஆளிருக்காது. எனக்கு ஞாயிறென்றால் போச்சம்பள்ளிச் சந்தை. ஆடு, கோழி, காய்கறி, கயிறு, மண்சட்டி, துணி என்று சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அங்கே கூடும். சின்ன வயதிலிருந்து அப்பாவோடு போன இடம். அந்தச் சத்தம் முழுவதும் என் வாரத்திலிருந்து ஒரேயடியாகப் போய்விட்டது. ஞாயிறு மதியம் விடுதி அறையில் உட்கார்ந்திருந்தால் குளிர்பெட்டி ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

பணக் கணக்கையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதி மனச்சோர்வு அங்கிருந்து வந்ததுதான். ஜெர்மனிக்கு மாணவர் விசா வாங்க ஒரு வருடச் செலவுக்கான தொகையை முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாக வெளியே வரும். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 11 லட்சம் ரூபாய். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இந்தத் தொகைக்கே எங்களுக்குக் கல்விக்கடன் தேவைப்பட்டது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி அடமானம் கேட்கும், அதனால் மாந்தோப்பின் பத்திரம் வங்கிக்குப் போனது.

இரண்டாவது வருடத்துக்குத் தங்கும் அனுமதியை நீட்டிக்கும்போது மறுபடி பணம் காட்ட வேண்டும். அதற்காக ஒரு பார்சல் கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. அதிகாலையில் அறைக்கு வந்து படுத்தால் எட்டு மணி வகுப்பு எங்கே போவது? அந்த ஜூனில் கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்காய் விலை விழுந்தது. கூழ் ஆலைக்கு ஏற்றிப் போகிற வண்டி வாடகையும் பறிகூலியும்கூடத் தேறாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. அப்பா போனில், "அது பாத்துக்கலாம் பாப்பா, நீ படிக்கற வேலையப் பாரு" என்றார். நான் இன்னும் கூடுதலாக இரவு வேலைக்குப் போனேன்.

எங்கள் விடுதியில் அரூர்க்காரர் ஒருவர் இருந்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் 2004 வரைக்கும் ஒரே மாவட்டம்தானே, அந்த உரிமையில் முதல் நாளே 'நம்மூர்' ஆகிவிட்டோம். ராகி மாவு யாருக்கு வந்தாலும் களி கிண்டி, கீரையைக் கடைந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அவருக்கும் என்னைப் போலவேதான் ஆகியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளாமல் ஒரு மாதம் ஓட்டினோம். அப்புறம் ஒரு ராத்திரி அவர்தான் ஆரம்பித்தார்: "எனக்கு இது ஒத்து வரலிங்க. போயிடலாமான்னு இருக்குது." அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதே வார்த்தையை நானும் மனசுக்குள் பல வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் சொல்லித்தான் மாணவர் நல அமைப்பின் மனநல ஆலோசனைக்குப் போனேன். இங்கே ஸ்டுடியரெண்டென்வெர்க் என்பார்கள். விடுதியும் உணவகமும் நடத்துவது அவர்கள்தான். பல ஊர்களில் ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது, ஆங்கிலத்திலும் பேசலாம். நம் பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை, பைத்தியத்துக்குத்தான் அங்கே வைத்தியம் என்று ஒரு பயம். நான் போனபோது அந்த அம்மா பெரிதாக எதுவும் அறிவுரை சொல்லவில்லை. "இந்தப் பருவத்தில் நீங்கள் ஒருமுறைகூட விடாமல் போன வகுப்பு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருந்தது. வியாழக்கிழமை மதியம் உட்பொதி அமைப்புகள் ஆய்வகம். சின்னச் சின்னச் சில்லுகளுக்கு நிரல் எழுதி உணரிகளை இயக்கிப் பார்க்கும் பாடம். இரவு வேலை முடித்துத் தூங்காமல்கூட அதற்குப் போயிருக்கிறேன். ஒரு பலகை வேலை செய்யவில்லை என்றால் மாலை ஏழு மணிவரை உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பாகத் தேடியிருக்கிறேன். அவர் கேட்கும்வரை அது என் கவனத்திலேயே இல்லை. எனக்குப் படிப்பு கசந்துவிட்டதென்று நான் முடிவுகட்டியிருந்தேன். கசந்தது நான் வாழ்ந்துகொண்டிருந்த விதம் என்று அந்த ஒரு கேள்வியில் பிரிந்து வந்தது.

இதே கேள்வியை அரூர்க்காரரும் தன்னைக் கேட்டுப் பார்த்தார். அவருக்கு அப்படி ஒரு பாடமும் மிஞ்சவில்லை. ஊரில் எல்லோரும் முதுநிலை படிக்கச் சொன்னார்கள், வந்தேன் என்றார். ஜூலையில் பெயரை நீக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்போது ஓசூரில் ஒரு ஆலையில் தரப் பரிசோதனை வேலையில் இருக்கிறார், குரலில் பழைய தெம்பு வந்திருக்கிறது. அவர் தோற்றுப்போய்த் திரும்பினார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நான் தேர்வுகளை முடித்துவிட்டு ஆடி மாதத்தில் ஊருக்கு வந்தேன். பெங்களூருவில் இறங்கி, ஓசூர் தாண்டி, சூளகிரிப் பக்கத்துப் பாறைக் குன்றுகளைப் பார்த்ததுமே மூச்சு சீரானது. வீட்டில் முதல் ஒரு வாரம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அத்தை, "ஜெர்மனியில சம்பளம் வருதா பாப்பா?" என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் படிக்கறாக்கா, அதுக்குள்ள ஏது சம்பளம்" என்று பேச்சை மாற்றினார். அம்மாவுக்கு ஏதோ தெரிந்திருந்தது.

தோப்பில் அறுவடை முடிந்து கவாத்து நடந்துகொண்டிருந்தது. அப்பா வெட்டிய கிளைகளை நான் இழுத்துப் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். போகாத வகுப்புகள், தோற்ற தேர்வு, இரவு வேலை எல்லாவற்றையும். பத்திரம் வங்கியில் இருக்கிறதே என்பதையும் நானே சொன்னேன். அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "கடன் கணக்கு எங்கிட்ட இருக்குது பாப்பா. ராத்திரி தூங்கறயா, அதச் சொல்லு" என்றார். தூங்குவதில்லை என்றேன். "அப்ப மொதல்ல அந்த ராத்திரி வேலைய வுடு. மத்தத அப்பறம் பேசலாம்."

அடுத்த வாரம் இரண்டு பேரும் வங்கிக்குப் போனோம். படிப்பு முடிந்து ஒரு வருடம்வரை தவணை கட்ட வேண்டியதில்லை, அதுவரை தனிவட்டி ஏறிக்கொண்டிருக்கும் என்பது தெரிந்ததுதான். படிப்பு ஒரு வருடம் நீண்டால் பல்கலைக்கழகக் கடிதம் கொடுத்து அவகாசத்தை நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், பாதியில் நிறுத்தினால் தவணை சீக்கிரமே தொடங்கிவிடும் என்று மேலாளர் விளக்கினார். வெளியே வந்து டீ குடிக்கும்போது அப்பா ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் இரண்டுக்கும் கணக்குப் போட்டார். எந்தப் பக்கம் போனாலும் குடும்பம் முழுகிவிடாது என்று அந்தத் தாளில் தெரிந்தது. பல மாதமாக என் தலைக்குள் இருந்த தொகை அதைவிட ரொம்பப் பெரிதாக இருந்தது.

இதே இடத்தில் நிற்கிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் தங்கும் அனுமதி படிப்போடு கட்டப்பட்டது. அதனால் பெயரை நீக்குவதற்கு முன்னால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். உடம்போ மனமோ சரியில்லை என்றால் மருத்துவச் சான்றோடு விடுப்புப் பருவம் எடுக்க வழி உண்டு. 2024 மார்ச்சில் சட்டம் மாறியதிலிருந்து, படிப்பை விட்டு ஊதியத்தோடு கூடிய தொழிற்பயிற்சிக்கு மாறுவதும் முன்பைவிட எளிது, ஆனால் ஜெர்மன் மொழி நன்றாக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டில் சொல்வது. அப்பா அம்மா தாங்க மாட்டார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். விலை விழுந்த வருடங்களையும் மழை பொய்த்த வருடங்களையும் பார்த்துவிட்டு அடுத்த பூவுக்கு மருந்தடிக்கிறவர்கள் அவர்கள்.

அக்டோபரில் திரும்பி வந்தேன். இந்தக் குளிர்காலப் பருவத்தில் இரண்டு தேர்வுகளுக்கு மட்டும் பதிவு செய்திருக்கிறேன், கூடவே ஆய்வகத் திட்டப்பணி. தோற்ற பாடம் அந்த இரண்டில் ஒன்று. நான்கு பருவத்தில் முடிய வேண்டிய படிப்பு ஆறாகும் போலிருக்கிறது. கிடங்கு வேலையை விட்டுவிட்டேன். வாரத்தில் மூன்று மாலை ஒரு பேக்கரியில் நிற்கிறேன், வருமானம் குறைவு, ராத்திரித் தூக்கம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பா சந்தையிலிருந்து வீடியோ அழைப்பு போடுகிறார். ஆடு விலையெல்லாம் கேட்டுச் சொல்கிறார்.

காலை வகுப்புக்கு இன்னும் சில நாள் எழுந்திருக்க முடிவதில்லை. அந்த நாட்களில் மதியத்துக்காவது போய்விடுகிறேன். ஆய்வகத்தில் மாணவர் உதவியாளர் இடம் ஒன்று காலியாகிறதென்று விண்ணப்பித்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. பிப்ரவரியில் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு மறுபடி பேசுவதென்று அப்பாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.